உறவினர் அல்லாத இருவர்

பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், மதம், அங்க அடையாளங்கள் இரண்டு, நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி. இந்த வரிசையை நான்கு வருஷத்தில் முப்பத்தோரு விண்ணப்பங்களில் எழுதினேன். முப்பத்தொன்றிலும் நான் அதே ஆள்தான். தேதி மாறவில்லை, தகப்பனார் மாறவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே சிப்பி கிழித்த தழும்பும் வலது தோளில் உள்ள மச்சமும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனாலும் ஒவ்வொரு ஆபீசும் என்னை முதல் தடவையாகப் பார்ப்பது போலவே கேட்டது.

"நேத்துத்தான இதையெல்லாம் எழுதி அனுப்புன? அதுக்குள்ள மறந்துட்டானுவளா?" என்பாள் அம்மா.

"அது வேற ஆபீஸும்மா."

"ஒருத்தன்ட்ட ஒருத்தன் கேட்டுக்கிட மாட்டானுவளா? எல்லாம் பக்கத்துப் பக்கத்துலதான இருக்கானுவ."

நான் அடுத்த படிவத்தை எடுத்துக்கொள்வேன். 

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சங்கு குளிப்பவர். அவருடைய தகப்பனார் முத்துக்கும் சங்குக்கும் இறங்கியவர். என்னை மட்டும் அப்பா தண்ணீருக்குள் இறங்க விடவில்லை. பி.யு.சி. வரை படிக்க வைத்தார். டைப்ரைட்டிங் லோயரும் தேறினேன். அதன் பலனாக, இருபத்து நான்கு வயதில் எனக்கு மூச்சடக்கி, ஆளை அமிழ்த்தும் கல்லோடு கடலுக்குள் இறங்கவும் தெரியாது, நாற்காலி போட்டு உட்காரவும் இடமில்லை என்று ஆயிற்று. கரையில் நடந்தால் என் வயதுக்காரர்கள் வலையை இழுத்து ஒதுக்குவார்கள். "ஏலே, தள்ளு, ஆபீசர் வாரான்" என்பார்கள். கெட்ட எண்ணம் இல்லை. அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

விண்ணப்பம் போடுவதே ஒரு முழுநேர வேலை. படிவத்தை ஒரு கடையில் வாங்க வேண்டும். சில ஆபீசுகளுக்குச் சொந்த விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை அனுப்பினால்தான் படிவமே வரும். எதிலும் ஒட்டுவதற்குப் புகைப்படம் வேண்டும். முப்பத்தொன்றிலும் என் முகம் ஒரே முகம், சட்டையும் ஒரே சட்டை. அந்தச் சட்டை கல்லூரித் தோழனுடையது. படம் பிடித்த அன்றே கழற்றிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் சான்றிதழ்களின் உண்மை நகல்கள். என் மதிப்பெண்களை நான் வாங்கியது ஒரு தடவை, டைப் அடித்தது நூறு தடவை இருக்கும். கணக்கில் ஐம்பத்திரண்டு என்று ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும், பரீட்சையில் மறுபடி ஐம்பத்திரண்டே வாங்கியது போல மனசு சோர்ந்துபோகும்.

நகலுக்கு அரசாங்க அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்துக்கு அகப்பட்டவர் மாட்டு டாக்டர்தான். ஒருநாள் பசுவின் வாய்க்குள் ஒரு கையை விட்டுக்கொண்டே மற்றக் கையால் எனக்குக் கையெழுத்துப் போட்டார். தாளில், 'இவரை நான் மூன்று ஆண்டுகளாக நேரில் அறிவேன், இவர் நன்னடத்தை உள்ளவர்' என்று இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பசு பார்த்தது.

இத்தனையும் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாத கட்டம் ஒன்று எல்லாப் படிவத்திலும் இருந்தது. 'விண்ணப்பதாரரை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத, பொறுப்பான இருவரின் பெயரும் முகவரியும்.'

எங்கள் கரையில் பிறந்தவனுக்கு இதைவிடக் கஷ்டமான கேள்வி கிடையாது. ரத்தத்தால் உறவு இல்லாதவர் கல்யாணத்தால் உறவாக இருப்பார். அதிலும் தப்பியவர் யாராவது ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று உறவாகியிருப்பார். உறவு இல்லாதவன் ஒருவன் எங்களை நன்கு அறிந்திருக்கிறான் என்றால் அவன் போலீஸ்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

தொழிலும் அப்படித்தான். சங்கு குளிப்பவர் இடுப்பில் கயிற்றோடு இறங்குவார். மேலே வள்ளத்தில் நின்று அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் அவருடைய மைத்துனர். அது எங்கள் கரையின் வழக்கம். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் இழுக்க வேண்டும். கண் அசந்தால் தன் அக்காள் தாலிக்குத்தான் ஆபத்து என்று தெரிந்தவன் அசர மாட்டான் என்பது கணக்கு. அப்பாவின் கயிற்றை இருபது வருஷமாகப் பிடித்து வந்தவர் அம்மாவின் தம்பி, என் தாய்மாமன். எங்கள் ஊரில் ஒருவனை நம்பலாமா என்று கேட்டால், அவன் யாருக்கு மச்சான் என்று பார்ப்பார்கள். படிவமோ, உறவில்லாதவன் சொன்னால்தான் நம்புவேன் என்றது.

முதல் விண்ணப்பத்திலேயே நான் யோசித்து யோசித்து இரண்டு பேரைப் போட்டுவிட்டேன். ஒருவர் என் பள்ளித் தலைமையாசிரியர், மேற்கே நாசரேத்துப் பக்கம் சொந்த ஊர். இன்னொருவர் அப்போதிருந்த பங்குச் சாமியார். அதற்கப்புறம் யோசிக்கவே இல்லை. முந்தின படிவத்தின் நகலை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதுவேன். பதினைந்தாவது படிவத்துக்கு மேல் என் கை எழுதும், நான் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பேன்.

முப்பத்தோராவது விண்ணப்பம், துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனிக்கு. டேலி கிளார்க் வேலை. கப்பலில் ஏறுகிற மூட்டைகளை எண்ணி எழுதுவது. புதுத் துறைமுகம் வந்த சமயம், ஆள் எடுத்தார்கள். வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும் என்றது படிவம். நேர்காணலுக்கு வரச் சொன்ன நாளிலிருந்து ஒன்பதாம் நாள் எனக்கு இருபத்தைந்து முடிகிறது. எல்லா இடத்திலும் அதுதான் எல்லை. ஆகவே அது கடைசி விண்ணப்பம். அது போனால் மறு வாரமே ஆறுமுகநேரி உப்பளத்துக்குப் போவது என்று அப்பாவிடம் நானே சொல்லியிருந்தேன்.  அன்றைக்கு அப்பா சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார். இருபது வருஷம் கடலுக்குள் மூச்சடக்கி என்னைப் படிக்க வைத்ததற்கு உப்பு வாருவது பதில் அல்ல என்று இருவருக்குமே தெரியும்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல். மானேஜர் ஐம்பது வயதுக்காரர், முழுக்கைச் சட்டை, மேஜையில் காற்றுக்குப் பறக்காமல் தாள்கள் மேல் ஒரு பெரிய சங்கு. என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே, "உட்காருங்க தம்பி. கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். நான் பூரித்துப்போனேன்.

"ஹெட்மாஸ்டர் ஒருத்தரைப் போட்டிருக்கீங்களே, அவர் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்காங்க சார்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் ஒரு உறையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். கம்பெனியிலிருந்து தலைமையாசிரியருக்குப் போன கடிதம். திரும்பி வந்திருந்தது. முகவரிக்குக் குறுக்கே தபால்காரர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'காலமாகிவிட்டார்.'

 தலைமையாசிரியர் இறந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். மண் போட்டேன், அழுதேன். மூன்று வாரம் கழித்து அவர் பெயரை அழகான கையெழுத்தில், 'என்னை நன்கு அறிந்தவர்' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

"தெரியாம எழுதிட்டீங்களோ?"

"தெரியும் சார். அடக்கத்துக்குப் போயிருந்தேன்."

"போயிட்டு வந்து எழுதுனீங்களா?"

"முந்தின படிவத்தைப் பார்த்து எழுதினேன் சார்."

"அந்தப் படிவம்?"

"அதுக்கு முந்தினதைப் பார்த்து."

அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது கடிதத்தையும் காட்டினார். பங்குச் சாமியார் மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம். இப்போதிருக்கும் சாமியார், தாம் புதிதாக வந்தவர் என்றும் இந்த வாலிபனைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்றும் எழுதியிருந்தார்.

"தம்பி, இது எண்ணி எழுதுற வேலை. போன கப்பல் கணக்கைப் பார்த்து இந்தக் கப்பலுக்கு எழுதிருவீங்களா?"

நியாயமான கேள்வி. நாலு வருஷமாகப் படிவங்களைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு கேள்வியில் வெட்கம் பிடித்தது. "இனிமே எழுத மாட்டேன் சார்" என்றேன். 

 அவர் ஒரு புதுத்தாளை எடுத்தார். அந்தக் கட்டம் மட்டும் தனியாக அச்சடித்த தாள். "நாலு மணிக்கு மெட்ராஸுக்குத் தபால் பை கட்டுவேன். அதுக்குள்ள ரெண்டு பேர் நேர்ல வந்து இதுல கையெழுத்துப் போடணும். தொழில்ல இருக்கிறவங்க. மூணு வருஷமா உங்களைத் தெரிஞ்சவங்க. உறவினர் கூடாது. உயிரோட இருக்கணும்" என்றார். நான் கதவுக்குப் போனதும், "இன்னொரு பொய் வந்தா கிழிச்சுப் போட்டுருவேன் தம்பி" என்றும் சொன்னார்.

முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடினேன். மாஸ்டர் மகள் கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போய்விட்டார், கதவில் பூட்டு. கல்லூரியில் சனிக்கிழமை விடுமுறை, காவல்காரர் மட்டும் இருந்தார். அவரும் புதுசு. மாட்டு டாக்டர் ஞாபகம் வந்து கால் அந்தப் பக்கம் திரும்பியது. மூன்று ஆண்டுகளாக என்னை அறிவேன் என்று பத்துத் தடவையாவது எழுதிக் கொடுத்தவர். மானேஜர் அவரைப் பார்த்து இந்தப் பையன் பெயர் என்ன என்று கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். கால் தானாக நின்றுவிட்டது.

கரைக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. வள்ளங்கள் எல்லாம் கடலில். ஆண் என்று பெயர் சொல்ல, தொழிலை விட்டுவிட்ட கிழவர்களும் தேநீர்க்கடை அண்ணாச்சியும்தான் கரையில் இருந்தார்கள். அண்ணாச்சி ஆத்தங்கரைக் கிராமத்திலிருந்து வந்து கடை போட்டவர். எங்களுக்கு எந்த வகையிலும் உறவு இல்லை. அவரைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க கடை போட்டு எத்தன வருஷம்?"

"சித்திரை வந்தா ரெண்டு. ஏன் தம்பி?"

சொன்னேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இம்புட்டுத்தானா? மூணுன்னு போடு. நாலுன்னாலும் போடு. எனக்கு என்ன வந்துச்சு? சட்டைய மாட்டிட்டு வாரேன்."

அவ்வளவு நல்ல மனுஷனிடம் வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இல்லை. ஆனால் இன்னொரு பொய்யை அந்த மேஜைக்கு எடுத்துப்போக எனக்குத் தைரியம் வரவில்லை. "இல்ல அண்ணாச்சி, நேர்ல கேப்பாங்க" என்றேன். அவருக்கு வருத்தம்தான். "ரொம்பப் படிச்சா இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்து பால் ஆற்றினார்.

தண்ணீர் ஓரத்தில் போய் நின்றேன். என்ன செய்வது என்று தெரியாதபோது எங்கள் ஊரில் ஜெபமாலை சொல்வார்கள். என் வாயில் வந்தது படிவம். பெயர் பெரிய எழுத்தில், தகப்பனார் பெயர், தகப்பனார் தொழில் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே ஈரமணலில் நடந்தேன். முப்பத்தொன்றும் மனப்பாடம். அடுத்து இந்தக் கம்பெனிப் படிவத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பதினேழாவது கேள்வி: 'உங்கள் உறவினர் எவரேனும் இக்கம்பெனியில் பணிபுரிகிறாரா? (குறிப்பு மூன்று காண்க.)' இல்லை. பதினெட்டாவது...

நின்றேன். குறிப்பு மூன்றை நான் கண்டதே இல்லை. கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிப் பழகிய கைக்குக் குறிப்பு எதற்கு?

வீட்டுக்கு ஓடினேன். எந்தப் படிவமானாலும் ஒன்றைக் கெடுத்துவிட்டு இன்னொன்றில் எழுதுவது என் வழக்கம். கெடுத்த படிவம் பெட்டிக்குள் இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் குறிப்புகள். மூன்றாவது, உறவினர் என்று இந்தப் படிவத்தில் எங்கே வந்தாலும் அது கீழ்க்கண்டவர்களை மட்டுமே குறிக்கும் என்றது. கணவன் அல்லது மனைவி. தகப்பனார், தாயார். மகன், மகள், அவர்களைக் கட்டியவர்கள். உடன்பிறந்தவர்கள். தாத்தா, பாட்டி. பேரப்பிள்ளைகள். முற்றுப்புள்ளி.

இரண்டாம் முறை விரலை வைத்துப் படித்தேன். தாய்மாமன் இல்லை. அத்தை புருஷன் இல்லை. பெரியப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன், கொழுந்தன், சகலன், ஞானத்தகப்பன், ஒருவரும் இல்லை. அப்பா முதல் வரியிலேயே அடிபட்டுப் போனார், அது சரி. ஆனால் காலையில் எனக்கு ஒரே ஒரு ஆள்கூட இல்லாத கரையில், அந்த ஒரு குறிப்பால் நூற்றுக்கணக்கான பேர் எழுந்து நின்றார்கள். அம்மா அடுப்பை விட்டு எழுந்து குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னல தனியா சிரிக்க?" என்றாள். நான் கரைக்கு ஓடினேன்.

அப்பா போகிற வள்ளத்தின் சொந்தக்காரரை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். அவர் என் அத்தையைக் கட்டியவர். வள்ளங்கள் வரும் நேரமாகிவிட்டதால் கரைக்கு வந்திருந்தார்.

"மாமா, நீங்க எனக்கு உறவு இல்ல" என்றேன், மூச்சு வாங்க.

"ஏலே, வெயில்ல நின்னியா?"

"இல்ல மாமா, இந்தப் பேப்பர்ல போட்டிருக்கு."

"அப்ப உங்க அத்தைய யாருலே கட்டுனது?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். "நான் வாரேன். இன்னொரு ஆளுக்கு உன் தாய்மாமன விட்டுட்டு வேற யாரயும் கூட்டிட்டுப் போயிராத. ஆயுசுக்கும் உங்கிட்ட பேச மாட்டான். ஆனா உறவு இல்லைன்னு எழுதியிருக்குன்னு அவன்ட்ட இங்கன வச்சுச் சொல்லாத. வள்ளத்த விட்டே எறங்க மாட்டான்."

கடலிலிருந்து கரைக்கு வீசும் கொண்டல் காற்று அன்றைக்குச் சோம்பலாக அடித்தது. வழக்கமாக இரண்டரைக்கு வருகிற வள்ளம் மூன்று மணி தாண்டியும் பாய் தெரிகிற தூரத்திலேயே இருந்தது. மூன்று இருபதுக்கு மணலைத் தொட்டது. நான் இடுப்புத் தண்ணீரில் இறங்கி, "மாமா, எனக்கு ஒரு கையெழுத்துக்கு வரணும், உடனே வரணும்" என்று கத்தினேன்.

"எனக்கு ஏதுலே கையெழுத்து? கைநாட்டுத்தான்."

"அதான் வேணும்."

மாமன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே வந்தார். அப்பாவும் கேள்வி கேட்காமல் கூடவே வந்தார். இரண்டு சைக்கிள், நான்கு பேர். என் பின்னால் மாமன், சம்மாட்டியின் பின்னால் அப்பா. கடற்கரைச் சாலையில் எங்களைப் பார்த்தவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

கம்பெனியில் நுழைந்தபோது நாலுக்குப் பத்து நிமிஷம். சம்மாட்டியைத் தவிர மூன்று பேர் மேலும் உப்பு பூத்திருந்தது. மானேஜர் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்து, "இவங்க யாரு?" என்றார்.

நான் குறிப்பு மூன்றை மேஜையில் வைத்து, இவர் அத்தையின் கணவர், இவர் தாய்மாமன், இருவரும் இந்தப் பட்டியலில் இல்லை என்றேன். அப்பா பட்டியலில் இருக்கிறார், அதனால் அவர் சும்மா வந்தவர் என்பதையும் சொன்னேன். மானேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார்.

"பதினாலு வருஷமா இந்தப் படிவத்தை வச்சு ஆள் எடுக்கேன். ஒருத்தனும் இதைப் படிச்சதில்லை. நானும்தான்" என்றார். "சரி. விதி விதிதான். போடச் சொல்லுங்க."

சம்மாட்டி கையெழுத்துப் போட்டார். மானேஜர் மைப் பெட்டியைத் திறந்து மாமனின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார். வைப்பதற்கு முன் வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம் போலிருக்கிறது. "கீழே கைநாட்டு வைக்கும் நான் இந்த விண்ணப்பதாரருக்கு உறவினர் அல்ல..."

மாமன் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார். "ஏலே, நான் உனக்கு உறவு இல்லியா? எவன்லே எழுதுனான் இத? தாய்மாமன் இல்லாம எங்கையாவது ஒரு காரியம் நடந்திருக்கா? ஐயா, உங்க வீட்டுல நடந்திருக்கா?"

"இல்லை" என்றார் மானேஜர் அடக்கமாக.

"அப்ப உங்க பேப்பர்தான் தப்பு. அடிச்சுத் திருத்துங்க."

"அது மெட்ராஸ்ல அச்சடிச்சது."

"அப்ப மெட்ராஸ்காரன வரச் சொல்லுங்க. இந்தப் பய பொறந்த அன்னைக்கி மொதல்ல தூக்குனவன் நான். இவன் எனக்கு யாரோன்னு நான் கைநாட்டு வச்சா, நாளைக்கி எங்க அக்கா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

மை பூசிய விரல் அந்தரத்தில் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் நாலுக்கு நாலு நிமிஷம். தபால் பைக்காரர் வாசலில் வந்து நின்றுகொண்டார். எனக்கு மாமனைக் கெஞ்சவும் மனம் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. முப்பத்தோரு படிவத்திலும் நான் சொல்ல நினைத்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அதுவரை சுவரோரமாக நின்ற அப்பாதான் பேசினார்.

"மாப்ள. நான் கீழ கெடந்து கயித்த அசைச்சா, நீ மேல நின்னு என்ன உறவுன்னு கேட்டுட்டா இழுக்க?"

"அதெப்பிடி அத்தான் கேப்பேன்?"

"இப்ப இவன் அசைக்கான். இழு."

 மாமன் விரலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "வைக்கேன்" என்றார். "ஆனா பக்கத்துல நான் யாருன்னு எழுதணும். எழுதாம வைக்க மாட்டேன்."

மானேஜர் தாளைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். அதில் இன்னொரு கட்டம் இருந்தது: 'விண்ணப்பதாரரை எவ்வாறு அறிவீர்?' அதில் பேனாவை வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார்.

"தாய்மாமன்."

'தாய்மாமன்' என்று மானேஜர் தம் கையாலேயே தமிழில் எழுதினார்.

"பொறந்த அன்னைக்கி மொதல்ல தூக்குனவன். அதயும் போடுங்க."

"கட்டத்துல இடம் இல்லை."

"ஓரத்துல போடுங்க."

ஓரத்தில் போட்டார். மாமன் கட்டைவிரலை அழுத்தி, ஒரு பக்கமாக உருட்டி, நிதானமாக எடுத்தார். கோடுகள் ஒன்றுகூடக் கலையவில்லை. 'உறவினர் அல்ல' என்ற வரிக்குக் கீழே, 'தாய்மாமன்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில், அது உட்கார்ந்தது. மானேஜர் தாளை ஊதிக் காயவைத்து என் விண்ணப்பத்தோடு சேர்த்து உறையில் போட்டு ஒட்டினார். தபால் பைக்காரர் வாங்கிக்கொண்டு போனார்.

"மெட்ராஸ் பதிவுக்குத்தான் கேக்கும். ஆள் எடுக்கிறது நான்" என்றார் மானேஜர். "திங்கட்கிழமை காலைல ஏழரைக்கு வாங்க தம்பி. குறிப்பு மூணைத் தேடிப் பிடிச்சவன் மூட்டையைத் தவற விட மாட்டான்."

வெளியே வந்ததும் யாரும் சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தோம். சம்மாட்டி சிரித்துச் சிரித்து இருமினார். அப்பா என் சட்டைக் காலரைச் சரி செய்தார், சரியாக இருந்ததையே. கரைக்கு வந்ததும் மாமன் மை காயாத கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலைக்காரர்கள் நடுவில் நடந்தார். "படிச்சது அவன். வேல குடுத்தது இது" என்றார். அன்றைக்கு அவர் அந்த விரலைக் கழுவவே இல்லை என்று மாமி சொன்னாள்.

நான் வேலைக்குச் சேர்ந்து இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. எண்ணிய மூட்டையைத்தான் எழுதுகிறேன். கம்பெனியில் மறுபடி ஆள் எடுத்தபோது எங்கள் கரையிலிருந்து ஏழு பேர் விண்ணப்பம் போட்டார்கள். எல்லாருக்கும் குறிப்பு மூன்றைக் காட்டினேன், படிவத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னேன். ஏழு பேரும் கைநாட்டுக்கு என் மாமனிடம்தான் போனார்கள், ராசியான விரல் என்று. மாமன் சும்மா வைக்க மாட்டார். ஒவ்வொருவனையும் உட்கார வைத்து, "நீ எனக்கு என்ன வேணும்? வழி சொல்லு" என்று கேட்பார். அவர் மாமியாருடைய தங்கை பேரன், கொழுந்தியாளின் மகன் என்று ஆறு பேர் வழி சொல்லிக் கைநாட்டு வாங்கினார்கள். அவர்களில் மூன்று பேர் இன்றைக்கு என்னோடு துறைமுகத்தில் நிற்கிறார்கள்.

ஏழாமவன் கெட்டிக்காரன். படிவத்தை நன்றாக வாசித்துவிட்டுப் போனவன். "மாமா, இந்தப் பேப்பர்படி நான் உங்களுக்கு ஒரு உறவும் இல்ல" என்றான். மாமன் அவனை எழுப்பி, வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.